அக்கரை வயல்

புளியங்குடியில் ஓர் எலுமிச்சை கமிஷன் கடை. அதன் மாடியில் ரெஹானா மிஸ் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். கல்லூரியை விட்டு வந்து அதிக வருஷம் ஆகாதவர். குரலை உயர்த்த மாட்டார், பிரம்பு வைத்துக்கொள்ள மாட்டார். அதனாலேயே பிள்ளைகளுக்கு அவரிடம் பயம்.

அந்த டியூஷனுக்கு ஒரு வழக்கம் உண்டு. டெஸ்ட் பேப்பரை மிஸ் திருத்துவதில்லை. கட்டைக் கலைத்து ஒருத்தர் பேப்பரை இன்னொருத்தரிடம் கொடுப்பார். விடைக்குறிப்பைச் சுவரில் ஒட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார். சிவப்புப் பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் போட்டதுதான் மார்க். மிஸ் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். மாற்ற வேண்டுமென்றால் திருத்தியவரே மாற்ற வேண்டும்.

"வேணும்னே தப்பாத் திருத்தினா என்ன மிஸ் செய்ய?" என்று காதர்மைதீன் முதல் நாளே கேட்டான்.

"திருத்தட்டும்," என்றார் மிஸ்.

அவ்வளவுதான் பதில்.

முப்பிடாதிக்கு இந்த வழக்கம் பிடிக்காது. அவளுக்குப் பிடிக்காதது இன்னொன்றும் அந்த மாடியில் இருந்தது. அது முதல் பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருக்கும். பேர் ஆன்சி.

ஆன்சி வகுப்புக்கு நேரத்துக்கு வந்ததில்லை. குளித்த தலை சொட்டச் சொட்ட வருவாள். "ஏட்டி, இன்னைக்கு டெஸ்ட்டா?" என்று கேட்பாள். நடிப்பில்லை, நிஜமாகவே தெரிந்திருக்காது. எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே எலுமிச்சை ஏலம் விடுவதை வேடிக்கை பார்ப்பாள். மார்க் வரும்போது முப்பிடாதியைவிட ஒன்றோ இரண்டோ கூட இருக்கும்.

முப்பிடாதி புத்தகத்தில் உள்ள பயிற்சிக் கணக்கை ஒன்று விடாமல் போட்டவள். போட்டதையே மறுபடியும் போட்டவள். கைடில் இருக்கிற ஸ்டெப்பைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். ஆனாலும் அந்த ஒன்றோ இரண்டோ குறையும்.

ஆன்சி கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதி. அவளோ காம்பஸ் கேட்டால் காம்பஸ் கொடுப்பாள், சோறு கேட்டால் பாதி டப்பாவை நீட்டுவாள். வெறுக்க வசதியாக அவளிடம் ஒன்றுமே இல்லை. முப்பிடாதிக்கு அதுவும் ஒரு எரிச்சல்.

ஊராவது சும்மா இருந்ததா. கணக்கில் கெட்டிக்காரப் பையன்கள் நாலு பேர் இருந்தால் நாலு பேருமே கெட்டிக்காரர்கள். பெண் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்துவிட்டால் மட்டும் இரண்டு பேரையும் எடை போட்டுப் பார்க்காமல் யாருக்கும் சோறு இறங்காது. "ஆன்சி எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் "நீ எவ்வளவு?" என்று கேட்டார்கள், முப்பிடாதியின் சொந்த அம்மா உள்பட.

தை பிறந்ததும் மிஸ் ஒரு செய்தி சொன்னார்.

"பப்ளிக் எக்ஸாம் முடிஞ்சதும் மே மாசம் சென்னையில ஒரு கணக்கு முகாம் இருக்கு. தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவங்களே. நம்ம டியூஷன்ல ஒரு ஆள் போகலாம்."

"யாரு மிஸ்?"

"கடைசி ஃபுல் போர்ஷன் டெஸ்ட்ல யாரு முதலோ அவங்க."

"அங்க என்ன சொல்லித் தருவாங்க மிஸ்?" என்று முப்பிடாதி கேட்டாள்.

"பரீட்சையில வராத கணக்கு."

முப்பிடாதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்பில், மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று ஸ்கூலில் கேட்டிருக்கிறாள். "அது கேள்வியில வராது, உக்காரு" என்றார்கள். அன்றிலிருந்து கேள்வியில் வராத எத்தனையோ கேள்விகளை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். அவற்றைக் கேட்பதற்கென்றே ஒரு இடம் இருக்கிறதாம். ஒரே ஒரு ஆள் போகலாமாம்.

"சென்னையா? வெயிலு மண்டையைப் பொளந்துருமே," என்றாள் பக்கத்தில் ஆன்சி.

டெஸ்ட் ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. தொண்ணூறு மார்க். எழுதி முடித்ததும் மிஸ் கட்டைக் கலைத்தார். முப்பிடாதியின் பேப்பர் காதர்மைதீனிடம் போயிற்று. முப்பிடாதியிடம் வந்தது ஆன்சியின் பேப்பர்.

அவள் அதை யாரும் படித்திருக்க முடியாத அளவுக்குப் படித்தாள். ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து. இன்டகிரேஷன் முடிவில் பிளஸ் சி போட்டிருக்கிறாளா. போட்டிருந்தாள். வெக்டர் தலையில் அம்புக்குறி இருக்கிறதா. இருந்தது. ஓர் இடத்தில் ஒரு மார்க் குறைக்க முடிந்தது. அது நியாயமான ஒரு மார்க்தான்.

கடைசிப் பக்கத்தில் அந்த ஐந்து மார்க் கணக்கு இருந்தது.

கேள்வி இதுதான். ஒரு விவசாயி ஆற்றங்கரையில் செவ்வக வயலுக்கு வேலி போடுகிறார். ஆற்றுப் பக்கம் வேலி வேண்டாம், மற்ற மூன்று பக்கத்துக்கும் வேண்டும். கையில் இருநூறு மீட்டர் கம்பி. வயல் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும்?

விடைக்குறிப்பில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. அகலத்தை எக்ஸ் என்று வைத்து, பரப்பை எழுதி, வகையிட்டு, பூஜ்யத்துக்குச் சமமாக்கி, மறுபடி வகையிட்டு, மைனஸ் வருகிறது என்று காட்டி, விடை. படிப்படியாக மார்க் பிரித்திருந்தது.

ஆன்சி நாலு வரி எழுதியிருந்தாள். ஒரு கோடு கிழித்து அதுதான் ஆறு என்று போட்டிருந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வயல். அந்தப் பக்கம் அதே அளவில், புள்ளி புள்ளியாக, இன்னொரு வயல். இரண்டும் சேர்ந்தால் நாலு பக்கமும் வேலி போட்ட ஒரே பெரிய வயல், கம்பி நானூறு. நாலு பக்கமும் வேலி என்றால் சதுரம்தான் பெரிது. சதுரத்தில் ஒரு பக்கத்தைக் கூட்டி மறுபக்கத்தைக் குறைத்தால் பரப்பு எவ்வளவு குறையும் என்றும் எழுதியிருந்தாள். ஆகவே நூறுக்கு நூறு. அதில் பாதி நமக்கு. நூறுக்கு ஐம்பது. ஐயாயிரம் சதுர மீட்டர்.

விடை சரி.

முப்பிடாதி சுவரைப் பார்த்தாள். பேப்பரைப் பார்த்தாள். வகையிடல் இல்லை. எக்ஸ் கூட இல்லை. காது சூடாயிற்று. இதை அவள் எப்போது யோசித்தாள்? ஏலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதா?

சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டாள். ஓரத்தில் பூஜ்யம்.

காதர்மைதீன் எழுந்து வாசித்தான். "முப்பிடாதி எண்பத்தேழு. முப்பிடாதி அம்மன் அருள்."

முப்பிடாதி வாசித்தாள். "ஆன்சி எண்பத்தி நாலு."

ஆன்சி பேப்பரை வாங்கித் திருப்பினாள். "ஏட்டி, ஆத்தங்கரைக்கு ஒண்ணு கூடவா குடுக்க மாட்ட?"

"கேள்வியில இல்லாத வயல நீ எப்படி வாங்கின?"

"கற்பனைக்குத் தானே. பத்திரமா பதியப் போறேன்?"

"ஸ்டெப் எங்க? ஆன்சர் கீல உள்ளது ஒண்ணாவது இருக்கா?"

"விடை இருக்குல்லா."

"கைடு பாத்து விடையை எவளும் எழுதுவா."

ஆன்சியின் முகம் மாறியது. அவள் கைடே வாங்காதவள் என்பது எல்லாருக்கும் தெரியும். முப்பிடாதிக்கும் தெரியும். ஆன்சி பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லாரும் மிஸ்ஸைப் பார்த்தார்கள். மிஸ் ஒரு தாளை எடுத்து முப்பிடாதியின் பெயரை எழுதினார்.

"திங்கக்கிழமை அனுப்பணும்," என்றார். "முப்பிடாதி, நாளைக்குக் காலையில அந்தக் கணக்கைப் போர்டுல போடு. எந்த வரி தப்புன்னு எல்லாருக்கும் காட்டு."

படியில் இறங்கும்போது முப்பிடாதி மிஸ்ஸை மறித்தாள்.

"நான் பொறாமையில குறைச்சேன்னு நினைக்கீங்களா மிஸ்?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"பயலுவ செஞ்சா அதுக்குப் பேரு போட்டி. நாங்க செஞ்சா பொறாமை. அப்படித்தானே?"

"நான் பேரு கேக்கல. எந்த வரி தப்புன்னு கேட்டேன்."

வீட்டுக்குப் போகும் முன்னே செய்தி போய்விட்டது. "ஆன்சிய முந்திட்டியாமே," என்றாள் அம்மா, முகமெல்லாம் பல்லாக. பக்கத்து வீட்டில் சக்கரம் வைத்த பை ஒன்றை இரவல் சொல்லிவைத்துவிட்டும் வந்திருந்தாள். சென்னையில் எல்லாரும் அப்படித்தான் பை இழுத்துக்கொண்டு போவார்களாம்.

முப்பிடாதி மொட்டைமாடிக்குப் போய் வெள்ளைத்தாளை விரித்தாள். ஆன்சியின் நாலு வரியும் பார்க்காமலே எழுத வந்தது. அதுவும் ஆத்திரமாக இருந்தது.

எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கும். இருக்க வேண்டும்.

கம்பியை நூற்றிருபது மீட்டர் ஆக்கினாள். வகையிட்டுப் பார்த்தாள், அக்கரை வயலை வைத்துப் பார்த்தாள். ஒரே விடை. ஏதாவது கோணல் எண்ணாக இருக்கட்டும் என்று எழுபத்தி நாலு ஆக்கினாள். ஒரே விடை.

அப்புறம்தான் ஆற்றின் மேலேயே கை வைத்தாள். ஆறு நேராகப் போவதால்தானே இந்த ஜம்பம்? வளைந்து போகட்டும். முழங்கை மாதிரி மடங்கி, வயலுக்கு இரண்டு பக்கமும் ஆறு ஓடட்டும். வேலி மிச்ச இரண்டு பக்கத்துக்குத்தான், கம்பி பழையபடி இருநூறு. இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பாளாம் அக்கரை வயலை?

இந்தக் கரைக்கு அப்பால் ஒன்று வரைந்தாள். அந்தக் கரைக்கு அப்பால் ஒன்று வரைந்தாள். மூலையில் காலி இடம். ஆன்சி மாட்டிக்கொண்டாள் என்று பேனாவைத் தட்டினாள். தட்டிய இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது. அந்த மூலையிலும் ஒரு வயலை வைத்தால்?

வைத்தாள். நாலு வயல். நாலு பக்கமும் வேலி. எண்ணூறு மீட்டர் கம்பி. இருநூறுக்கு இருநூறு சதுரம், அதில் கால் பங்கு. நூறுக்கு நூறு. வகையிட்டுப் பார்த்தாள். அதேதான்.

தாளைக் கசக்கி எறிந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய் எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்டில் ஆறு வரைந்தாள். வக்கீல் மாதிரி திரும்பி நின்றாள்.

"முதல் வரி. அக்கரையில ஒரு வயல் இருக்குதாம். கேள்வியில அது இல்ல."

"வைக்கக் கூடாதா?" என்றார் மிஸ்.

"வைக்கலாம். ஆனா ஆத்துக்கு அகலம்னு ஒண்ணு இருக்கே."

"கேள்வியிலயும் ஆத்துக்கு அகலம் சொல்லல," என்றாள் ஆன்சி. நேற்றிலிருந்து அவள் முப்பிடாதியிடம் பேசிய முதல் வார்த்தை.

"சரி. ரெண்டாவது வரி. கம்பி நானூறு." முப்பிடாதி நிறுத்தினாள். "இது சரிதான். மூணாவது, சதுரம்தான் பெருசுன்னு சொல்லுதா."

"சும்மா சொல்லுதாளா, காட்டுதாளா?"

"காட்டித்தான் இருக்கா."

"நாலாவது?"

"பாதி. அதுவும் சரி." சாக்பீஸை இறுக்கிப் பிடித்தாள். "ஆனா பப்ளிக்ல இப்படி எழுதினா மார்க்கைக் குறைச்சா என்ன செய்ய மிஸ்? நான் அவளுக்கு நல்லதுதான் செஞ்சேன்."

"அவங்க குறைக்கது இருக்கட்டும். நீ ஏன் குறைச்ச?"

கீழே யாரோ எலுமிச்சை மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது.

காதர்மைதீன்தான் வாயைத் திறந்தான். "மிஸ், ஆறு நேராப் போனா இந்த வித்தை சரி. வளைஞ்சு போச்சுன்னா?"

"எப்படி வளைஞ்சா?"

"வயலுக்கு ரெண்டு பக்கமும் ஆறு. அப்பம் அக்கரை எது, இக்கரை எது?"

மிஸ் ஆன்சியைப் பார்த்தார். ஆன்சி நகத்தைக் கடித்தாள். விரலால் பெஞ்சில் கோடு கோடாக இழுத்துப் பார்த்தாள்.

"தெரியல மிஸ்," என்றாள். "வளைஞ்சா வராதோ என்னமோ. நான் அதை யோசிக்கல."

போர்டருகே முப்பிடாதிக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. "வராது" என்று ஒரு வார்த்தை போதும். ஆறு கொஞ்சம் வளைந்தாலே செத்துப்போகிற வழி, அதனால்தான் மார்க் இல்லை. காதர்மைதீன் தலையாட்டுவான். ஆன்சியே தலையாட்டுவாள். சென்னை முப்பிடாதிக்கு. வாய்க்குள் இருக்கிற அத்தனை கேள்விக்கும் ஒரு இடம்.

ஆனால் ஆன்சியின் புருவம் சுருங்கியிருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள், அந்த முகத்தில் அப்படி ஒரு சுருக்கத்தை முப்பிடாதி கண்டதே இல்லை. ஆன்சிக்குத் தெரியவில்லை. தெரிந்தது தனக்கு.

அதைச் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

"ஏன் வராது?" என்றாள் முப்பிடாதி. "இங்க பாரு."

ஆற்றை வளைத்து வரைந்தாள். "இது நம்ம வயலு. இந்தக் கரைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு. அந்தக் கரைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு. மூலை சும்மா கிடக்குல்லா, அங்ஙன ஒண்ணு. நாலும் சேர்ந்தா முழு வேலி. எண்ணூறு மீட்டர். சதுரம். அதுல கால் பங்கு உனக்கு."

காதர்மைதீன் போர்டில் இருந்த நாலு வயலையும் விரல் நீட்டி எண்ணினான்.

"இது ஆன்சர் கீல இருக்கா?" என்று காதர்மைதீன் மெதுவாகக் கேட்டான்.

"இல்ல," என்றாள் முப்பிடாதி.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. ஆறு வளைந்தாலும் சாகாத வழி. அதைத் தன் வாயாலேயே நிரூபித்தாயிற்று.

ஆன்சியின் பெஞ்சுக்குப் போனாள். "பேப்பரைக் குடு."

ஆன்சி பையிலிருந்து எடுத்தாள். முப்பிடாதி சிவப்புப் பேனாவால் பூஜ்யத்தை அடித்தாள். ஐந்து போட்டாள். மேலே எண்பத்தி நாலை அடித்து எண்பத்தி ஒன்பது என்று எழுதினாள். பேனா அழுத்தியதில் தாள் கிழிந்தது.

"கைடு பாத்தேன்னு சொன்னது தப்பு," என்றாள், பேப்பரைப் பார்த்துக்கொண்டு.

"ம்," என்றாள் ஆன்சி.

மிஸ் மேசை மேல் இருந்த தாளை எடுத்தார். முப்பிடாதி என்பதை அடித்தார். ஆன்சி என்று எழுதினார். பாராட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. அடுத்த பாடத்தை எடுத்தார்.

வகுப்பு முடிந்தது. பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டு இறங்கினார்கள். முப்பிடாதி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரவல் கேட்ட பை வேண்டாமென்று அம்மா எப்படிப் போய்ச் சொல்லுவாள் என்று யோசித்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

கதவு வழியே படி தெரிந்தது. அங்கே ஆன்சி மிஸ்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டு என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். இடையில் ஒரு தடவை வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். சென்னையைப் பற்றித்தான் இருக்கும். எந்த ரயில், எந்த ஸ்டேஷன். வெயில் மண்டையைப் பிளக்குமே, இப்போது மட்டும் என்ன அவசரமாம். மிஸ் தலையை மட்டும் ஆட்டினார். ஆன்சி இறங்கிப் போனாள்.

மிஸ் உள்ளே வந்தார். "நீ போகலியா?"

"ஒண்ணு கேக்கணும் மிஸ்."

"கேளு."

"விடியுமுன்ன எந்திரிச்சுப் படிக்கது நான். எல்லாப் பயிற்சியும் போட்டது நான். அவ புத்தகத்தைத் தொடவே மாட்டா. அக்கரையில ஒரு வயலை வைக்கணும்னு அவளுக்குத் தோணிச்சு. எனக்கு ஏன் மிஸ் தோணல?"

மிஸ் போர்டைப் பார்த்தார். வளைந்த ஆறும் நாலு வயலும் அப்படியே இருந்தன.

"ஆன்சியும் இப்பம் படியில நின்னு இதையேதான் கேட்டுட்டுப் போறா," என்றார். "மூலையில ஒண்ணு வைக்கணும்னு அவளுக்கு ஏன் தோணலன்னு."